வெள்ளத்துக்கு உண்டு, உப்புக்கு இல்லை: டிஎன் 65 வண்டிகளுக்கு விற்கும் ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ எப்படி?

ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரைக்கும், வடக்கே தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் ஓடுகிற டிஎன் 65 (ராமநாதபுரம் பதிவு) வண்டிகளுக்கு எல்லா நிறுவனமும் விற்பது ஏறத்தாழ ஒரே பாலிசிதான். பெயர் மாறும், விலை கொஞ்சம் மாறும், அடிப்படை வாசகம் பெரிதாக மாறாது. அதனால் இந்த மதிப்பீடு ஒரு நிறுவனத்தைப் பற்றியது அல்ல, ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று முகவர் சொல்லி விற்கும் அந்தச் சரக்கைப் பற்றியது. மோதலுக்கு அது நல்ல பாலிசி. மழை வெள்ளத்துக்கு அரைப் பாதுகாப்பு. கடல் உப்புக்கு எதுவும் தராது. நம் கரையில் வண்டியை அதிகம் தின்பது உப்புதான் என்பதால், இதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

பாலிசியின் சொந்தச் சேதப் பிரிவில் தீ, திருட்டு, விபத்து, கலவரம், நிலநடுக்கம், புயல், வெள்ளம், சூறாவளி, நிலச்சரிவு எல்லாம் உள்ளே வருகின்றன. வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டத் தேவையில்லை. வெளியே நிற்பவை: தேய்மானம், பழசாகிப் போனது, இயந்திரக் கோளாறு, மின் கோளாறு, ஒரு சேதத்தின் தொடர்ச்சியாக வரும் பின்சேதம். துருவைத் தேய்மானக் கணக்கில்தான் எழுதுவார்கள்.

கதவுக்குக் கீழே ரன்னிங் போர்டின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். தண்ணீர் வடிய விட்டிருக்கும் சிறு ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் பெயிண்ட் கொப்புளிக்கும். அடுத்து சைலன்சர் ஜாயின்ட், பிரேக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப், பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் தூள். இப்படி இருக்கிற வண்டி ஒருநாள் மோதி அந்த ரன்னிங் போர்டு கிழிந்தால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கிழிந்த ஓரத்தைத்தான் பார்ப்பார். புதிதாகக் கிழிந்த தகடு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். பழைய துரு பழுப்பாக, அடுக்கடுக்காக உதிரும். பழுப்பாக இருக்கும் பகுதிக்கு எதிரே ‘பழைய சேதம்’ என்று எழுதிக் கழித்துவிடுவார். அவர் செய்வது விதிப்படி சரி. அதற்கு எதிராக நம் கையில் இருக்க வேண்டியது இரண்டு: ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் வண்டியை லிஃப்டில் ஏற்றி எடுத்த, தேதி தெரியும் அடிப்பாகப் படங்கள், ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடித்த பில். இரண்டும் இருந்தால் ‘விபத்துக்கு முன்பே துரு’ என்ற பேச்சு பெரும்பாலும் எழாது.

அடுத்தது வெள்ளம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் நிற்கிற வண்டிக்குள் தண்ணீர் புகுந்து சீட்டு, தரைவிரிப்பு, வயரிங் கெட்டால் சாதாரண ஃபுல் பாலிசியே பணம் தரும். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்தால் கதையே வேறு. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதைப் பின்சேதம் என்று சொல்லி மறுப்பார்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டிச் சேர்க்கும் பாதுகாப்பு) இருந்தால்தான் அந்த இன்ஜின் செலவு கிடைக்கும். அதிலும் தண்ணீரில் இருக்கும்போது திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்திருந்தால் தரமாட்டோம் என்று சில நிறுவனங்கள் எழுதியிருக்கும். வாங்கும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். எங்கள் கணிப்பில் இந்தக் கரையில் கார் வைத்திருப்பவர் முதலில் வாங்க வேண்டிய ஆட்-ஆன் இதுதான்; பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் ஜீரோ டெப்கூட இதற்கு அடுத்துத்தான்.

தண்ணீர் புகுந்த வண்டிக்குச் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறோம். சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் நிற்கும்போதே நான்கு பக்கமும், நம்பர் பிளேட்டோடும் படம் எடுங்கள். வடிந்த பிறகு கதவின் உட்பக்கத்திலும் சீட்டிலும் படிந்திருக்கும் சேற்றுக் கோட்டை அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்பதற்கு அதுதான் சாட்சி. பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள்: ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டது. அன்றே நிறுவனத்துக்கு போன் செய்து கிளைம் எண் வாங்குங்கள், பிறகு ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்.

மழைத் தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் வித்தியாசம் உண்டு. மழைத் தண்ணீர் நனைத்த வயர் சாக்கெட்டைக் காயவைத்து மீட்க முடியும். கடல் தண்ணீர் பட்ட சாக்கெட்டின் செம்பு ஊசிகள் சில நாளிலேயே பச்சை பிடித்துவிடும். சர்வேயர் வரட்டும் என்று வண்டியைப் பூட்டி வைத்தால், அவர் வரும்போது பார்ப்பது அரிப்பைத்தான். அதைத் தாமதத்தால் வந்த சேதம் என்று கழிக்க வழியுண்டு. ஆகவே கிளைம் எண் வந்ததும், ‘உப்புத் தண்ணீர் புகுந்துள்ளது, நல்ல தண்ணீரால் கழுவி, சாக்கெட்டுகளைப் பிரிக்க அனுமதி வேண்டும்’ என்று ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அனுமதி வந்ததும் படம் எடுத்தபடியே பிரிக்கலாம். பதில் தாமதமானால், வண்டியைக் காக்க எடுத்த முயற்சிக்கு அந்த மின்னஞ்சலே பதிவாக நிற்கும்.

தனுஷ்கோடி பக்கம் அடிக்கடி நடப்பது: தார் ரோட்டை விட்டு மணலில் இறக்கி, சக்கரம் புதைந்து, அலை ஏறி வண்டியை மூடுவது. இதற்குக் கிளைம் கிடைக்குமா என்றால், சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும். வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்று பாலிசியிலேயே நிபந்தனை உண்டு. போலீஸ் தடை போட்ட நேரத்தில் உள்ளே போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். அரிச்சல்முனையில் தார் ரோட்டு ஓரமாக நிறுத்திய வண்டியைக் கடல் பொங்கி நனைத்தால் அது வெள்ளச் சேதம். இரண்டும் ஒன்றல்ல.

இனி பணக் கணக்கு. கிளைம் தொகை குறைந்து வரும்போது பலரும் ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபப்படுகிறார்கள். பெரும்பாலும் அது டிப்ரிசியேஷன், அதாவது பழைய பாகத்தின் தேய்மானத்துக்காகக் கழிப்பது. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் கழிப்பு. ஃபைபர் கிளாஸுக்கு 30. கண்ணாடிக்குக் கழிப்பே இல்லை. தகடு முதலான மற்ற பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: ஆறு மாதம் வரை இல்லை, ஒரு வருடத்துக்குள் 5, இரண்டு வருடத்துக்குள் 10, மூன்றுக்குள் 15, நான்குக்குள் 25, ஐந்துக்குள் 35, பத்துக்குள் 40, அதற்கு மேல் 50 சதவீதம். பெயிண்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள்.

மூன்றரை வயது காருக்கு 60,000 ரூபாய் பில் என்று வையுங்கள். தகட்டுப் பாகம் 20,000, பம்பர் போன்ற பிளாஸ்டிக் 16,000, கண்ணாடி 6,000, பெயிண்டிங் 10,000, டிங்கரிங் கூலி 8,000. தகட்டில் 5,000 போகும், பிளாஸ்டிக்கில் 8,000, பெயிண்டிங்கில் 1,250. ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,500 சிசி வரையிலான காருக்கு 1,000. மொத்தம் 15,250 உங்கள் பையிலிருந்து. நிறுவனம் தருவது 44,750. ஜீரோ டெப் இருந்தால் அந்த 1,000 மட்டுமே உங்கள் செலவு. பிளாஸ்டிக் பம்பரும் விளக்கும் நிறைந்த இன்றைய கார்களுக்கு ஐந்து வயது வரை ஜீரோ டெப் பயனுள்ளது. வருடத்துக்கு இரண்டு கிளைம் என்ற வரம்பு பல பாலிசிகளில் உண்டு.

சிறு சேதத்துக்குக் கிளைம் போடலாமா? கிளைம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும்; ஒரு கிளைம் போட்டால் அடியோடு சுழியத்துக்கு வந்துவிடும். போனஸ் கழிப்பதற்கு முன் சொந்தச் சேத பிரீமியம் 9,000 என்றும், இப்போது 45 சதவீதத்தில் இருக்கிறீர்கள் என்றும் கொள்வோம். கிளைம் போடாவிட்டால் அடுத்த வருடத்திலிருந்து 4,500 கட்டுவீர்கள். போட்டால் முதல் வருடம் 9,000, அடுத்து 7,200, 6,750, 5,850, 4,950. ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 11,250, ஜிஎஸ்டி தனி. ஆகவே பத்தாயிரத்துக்குள் முடியும் வேலையைக் கைக்காசில் முடிப்பதே லாபம். கிராமத்து ரோட்டில் சீமைக்கருவேல முள் கீறிய கோடுகளைச் சேர்த்து வைத்து ஒரே கிளைமில் போடப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கீறலும் தனிச் சம்பவம், ஒவ்வொன்றுக்கும் கட்டாயக் கழிவு என்று சர்வேயர் பிரித்துவிடுவார். போனஸ் ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால் அது போய்விடும். முந்தைய கிளைமை மறைத்து போனஸ் வாங்கியிருந்தால், அடுத்த கிளைமின்போது அது கண்டிப்பாக வெளியே வரும்.

பிரீமியம் குறைய ஐடிவியை (பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு) குறைத்துப் போடும் வழக்கம் வேண்டாம். புதிதாக 8 லட்சம் விலையுள்ள காருக்கு நான்கு முதல் ஐந்து வயதில் 50 சதவீதக் கழிப்புப்படி ஐடிவி 4 லட்சம். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு நஷ்டம் என்று முடிப்பார்கள். 3 லட்சமாகக் குறைத்திருந்தால் கையில் வருவதும் அந்த அளவுதான்.

பில்லை நிறுவனமே நேரடியாகக் கட்டும் கேஷ்லெஸ் பட்டறை விஷயத்தில் நம் ஊருக்கு இந்தப் பாலிசிகள் சுமார்தான். பட்டியலைத் திறந்து ராமநாதபுரத்தில் உங்கள் வண்டிக் கம்பெனிக்கு எந்தப் பட்டறை இருக்கிறது, இல்லாவிட்டால் மதுரைதானா என்று பாலிசி வாங்கும் முன்பே பாருங்கள். அடிப்படைப் பாலிசி கார் இழுவைக்குத் தருவது 1,500 ரூபாய் வரைதான். சாலையோர உதவி ஆட்-ஆனில் கிலோமீட்டர் வரம்பு இருக்கும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே 55 கிலோமீட்டர் என்பதை மனதில் வைத்து அந்த வரம்பைப் படியுங்கள்.

வாடகைக்கு ஓட்டும் ஓன் போர்டு கார்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களை வெள்ளை போர்டு காரில் காசுக்கு ஏற்றினால், பயன்பாட்டு வரம்பை மீறியதாகச் சொந்தச் சேதக் கிளைமை மறுப்பார்கள். ‘சொந்தக்காரர்கள்’ என்று சொல்லச் சொல்லிப் பயணிகளைப் பழக்குவதும் பயன்படாது. போன் பதிவும் பணம் அனுப்பிய பதிவும் விசாரணையில் வரும். சீசனுக்கு ஓட்டுவதாக இருந்தாலும் டி போர்டு எடுத்து, அதற்குரிய பாலிசி போடுங்கள்.

மீன் ஏற்றும் குட்டியானை வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். வணிக வண்டிப் பாலிசியில் விளக்கு, டயர், மட்கார்டு, பம்பர், பானட் ஓரம், பெயிண்ட் ஆகியவை தானாக வராது. ஐஎம்டி 23 என்ற பிரிவைக் கேட்டு வாங்க வேண்டும். சொந்தச் சேத பிரீமியத்தில் 15 சதவீதம் கூடும். இது இல்லாமல் முன்பக்கம் மோதினால் பாதி பில் கைக்காசு. இரண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. ஏலக்கூடத்திலிருந்து சந்தைக்கு மீன்கூடையோடு பெண்களையும் பின்னால் ஏற்றிப்போவது நம் பக்கம் வழக்கம். சரக்கு வண்டியில் இலவசமாகவோ கூலிக்கோ ஏறிய பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் அந்தக் குடும்பத்துக்கான இழப்பீடு வண்டி உரிமையாளர் தலையில் விழும். அவரிடம் இல்லையென்றால் அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். தயவுசெய்து ஏற்றாதீர்கள். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீரால் சேஸிஸ் அரிப்பதும் தேய்மானம்தான். தினம் நல்ல தண்ணீரால் கழுவுவது ஒன்றே வழி. லைசென்ஸ் பற்றிய பயம் மட்டும் தீர்ந்திருக்கிறது: 7,500 கிலோவுக்குக் குறைந்த சரக்கு வண்டியை எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது.

பைக் வைத்திருப்பவர்கள் தேர்டு பார்ட்டியையாவது (நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ்) விடாதீர்கள். புது பைக்கோடு வரும் ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி முடிந்ததும் அப்படியே ஓட்டுகிறவர்கள் ஏராளம். 2022 ஜூன் 1 முதல் வந்த விகிதப்படி 75-க்கு மேல் 150 சிசி வரை வருடத்துக்கு 714 ரூபாய், ஜிஎஸ்டியோடு 843. இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஒருவர் இறந்தால் வரும் இழப்பீட்டுக்கு வரம்பே கிடையாது. அதை நிறுவனம் சுமப்பதற்குத்தான் அந்த 843. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பைக் வாங்கினால் 14 நாளுக்குள் பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதுங்கள்.

யாருக்காவது அடிபட்டால் முதலில் ஆஸ்பத்திரி. 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டப்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள் வரை 1.5 லட்ச ரூபாய் சிகிச்சை பணம் கட்டாமல் கிடைக்கும். அடித்துவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 உண்டு. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள்.

சொந்தச் சேதக் கிளைமில் 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை அமர்த்த வேண்டும், 15 நாளில் அறிக்கை, அதன்பின் 7 நாளில் முடிவு என்பது 2024-ல் வந்த ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) சுற்றறிக்கை. சர்வேயர் அறிக்கையின் நகலை எழுதிக் கேளுங்கள். எந்தப் பாகத்தை ஏன் கழித்தார் என்பது அதில்தான் இருக்கும். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஒரு வருடத்துக்குள் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பு தரலாம். புகாரை எப்படிப் பதிவது என்று கேட்க 155255.

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம் பக்கம் கேட்கப்படும் கேள்வி தகாஃபுல், அதாவது இஸ்லாமிய முறைக் காப்பீடு. இந்தியாவில் தகாஃபுல் மோட்டார் பாலிசி விற்பனையில் இல்லை. சட்டப்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் தேர்டு பார்ட்டிதான் வேண்டும். மலேசியாவில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்குத் தகாஃபுல் நல்ல தேர்வு. அங்கே கட்டும் பணம் தபர்ரூ என்ற பொது நிதிக்குப் போகும், நடத்துபவர் தன் கட்டணத்தை வகாலா என்ற முகவர் முறையில் எடுத்துக்கொள்வார், மிச்சம் இருந்தால் பங்கு தரும் திட்டங்களும் உண்டு. பாதுகாப்பின் அளவு சாதாரண இன்சூரன்ஸ் போலவேதான். ஆனால் ஊர்ப் பழக்கத்தில் ஏமாந்துவிட வேண்டாம்: இங்கே ஃபுல் பாலிசிக்குள்ளேயே வரும் வெள்ளம், மலேசியாவில் காம்ப்ரிஹென்சிவிலும் வராது, தகாஃபுலோ இன்சூரன்ஸோ, சிறப்பு ஆபத்து என்று தனியாகச் சேர்க்க வேண்டும். விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட். நிறுவனத்துக்கு ஏழு நாளில் சொல்ல வேண்டும், ஆஸ்பத்திரியில் கிடந்தால் முப்பது நாள்.

மலேசிய என்சிடி (அங்குள்ள நோ கிளைம் தள்ளுபடி) காருக்கு 25-ல் தொடங்கி 55 சதவீதம் வரை ஏறும். ஊருக்கே திரும்பி வருகிறவர்கள் அங்கேயே நிறுவனத்திடம் என்சிடி சான்றுக் கடிதம் எழுதி வாங்கி வாருங்கள். வெளிநாட்டில் சேர்த்த போனஸை, அந்தப் பாலிசி முடிந்த மூன்று வருடத்துக்குள் இங்கே புதிதாக எடுக்கும் பாலிசியில் இந்திய அளவுக்குள் ஏற்றுக்கொள்ள நம் மோட்டார் டாரிஃப் விதி இடம் தருகிறது. முகவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். கிளை அலுவலகத்தில் கடிதத்தோடு நேரில் கேளுங்கள்.